ஃபார்மேட் போடாமல் ஃபோல்டர்களைத் திறந்து கொடுத்த மஞ்சக்குப்பம் கடை

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிற சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இது. வீட்டு கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டதால் புதுசு மாற்றி, புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டியிருந்தோம். டிஸ்க் தெரிகிறது, ஆனால் பழைய யூசர் ஃபோல்டரைத் தொட்டாலே அனுமதி இல்லை என்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் அப்பா எடுத்த படங்கள், அவருடைய பென்ஷன் பேப்பர், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான். வேறொரு இடத்தில் காட்டியதற்கு "ஃபார்மேட் போட்டாதான் சரியாகும்" என்று, அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்தால்தான் என்று, கூசாமல் சொன்னார்கள்.

இந்தக் கடைத் தம்பி டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு, பூட்டுக்குச் சாவிதான் மாறிப்போச்சு" என்றார். ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில், யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும் செக்யூரிட்டி டேப்பைத் திறந்து காட்டினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண். விண்டோஸ் உரிமையாளரைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை, இந்த எண்ணை வைத்துத்தான் காண்கிறது, அதனால் புது விண்டோஸில் அதே பெயரில் கணக்கு தொடங்கினாலும் அது வேறு ஆள்தான். இதைப் பொறுமையாகப் புரியவைத்த பிறகுதான் கையை வைத்தார்.

வேலையைத் தொடங்கும் முன் ஃபைல்கள் என்கிரிப்ட் ஆகியிருக்கின்றனவா, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தார், அப்படி இருந்தால் உரிமையை மாற்றியும் பயனில்லை, பழைய சான்றிதழ்ச் சாவி வேண்டும். நல்லவேளை, இல்லை. அப்புறம் கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, டேக்ஓன் (takeown) கமாண்டால் உரிமையை எங்கள் கணக்குக்கு மாற்றி, ஐகேக்ல்ஸ் (icacls) கமாண்டால் முழு அனுமதி கொடுத்தார், அதுவும் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும். சி டிரைவ் முழுவதற்கும் இதைச் செய்து, சிஸ்டம் ஃபைல்களின் அனுமதியைக் குலைத்து, விண்டோஸையே கெடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டாம். ஃபோல்டர் திறந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்போதும் சில ஃபோல்டர்கள் கண்ணில் படவில்லை. அது பெர்மிஷன் இல்லை, அட்ரிபியூட் தொல்லை, அதாவது மறைந்தது, சிஸ்டத்துக்குரியது என்று ஃபோல்டரின் மேல் போடும் குறிகளின் தொல்லை. ஒரு காலத்தில் பென்டிரைவ் வைரஸ் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு ஷார்ட்கட்டை மட்டும் விட்டுப் போகுமே, அந்த வேலைதான். ஹிடன் என்பதோடு சிஸ்டம் என்றும் குறி போட்டிருந்ததால் ப்ராபர்ட்டீஸில் டிக்கை எடுக்க முடியவில்லை, கட்டம் மங்கலாகக் கிடந்தது. அட்ரிப் (attrib) கமாண்டில் இரண்டு குறியையும் ஒரே வரியில் நீக்கி, ஷார்ட்கட்டுகளை அழித்து, டிஸ்க் முழுவதையும் ஸ்கேன் செய்தார். ஃபோல்டரில் ரீட்-ஒன்லி கட்டம் எடுக்க எடுக்கத் திரும்ப வருகிறதே என்று கேட்டேன். ஃபோல்டரைப் பொறுத்தவரை அது பூட்டு இல்லை, உள்ளே புது ஃபைல் சேர்ப்பதைத் தடுக்காது, விட்டுவிடுங்கள் என்றார்.

600 ரூபாய் வாங்கினார், செய்த வேலைக்கு நியாயமான காசு. குட்டி குட்டி ஃபைல்கள் நிறைய இருந்ததால் மதியம் முழுக்க ஆனது. உட்கார ஒரே பெஞ்சுதான், வண்டி நிறுத்த இடமே இல்லை, கேட்டால்தான் பில் தருகிறார்கள், இதையெல்லாம் சரிசெய்தால் நன்றாக இருக்கும். ஆனால் எந்தக் கமாண்ட் எதற்கு என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்கிற கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. போகிறவர்கள் காப்பி எடுக்க ஒரு காலி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் கூட்டம் அதிகம்.