டபுள் கிளிக் செய்தால் அர்த்தம் வரும் என்று லேப்டாப்பில் ஏற்றித் தருகிறார்கள், ஜாக்கிரதை

கிருஷ்ணகிரி டவுனில் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்குப் பழைய லேப்டாப் வாங்கித் தருபவர்கள், இதைப் படித்துவிடுங்கள். அகராதி என்று சொல்லி என் லேப்டாப்பில் வேண்டாததை ஏற்றிவிட்ட கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையை ஒரே ஒரு கடைதான் செய்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். அப்போது ஆபீஸ் வேலை வீட்டுக்கும் வந்துவிடும். 215 கிலோ டிரம்களுக்கு இன்வாய்ஸ் போடுவது கை தானாகச் செய்யும் வேலை. தலைவலி எதில் என்றால், கப்பல் கம்பெனிகளின் இணையப் பக்கங்களிலும் வாங்குபவர்கள் வைக்கும் எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) நிபந்தனைகளிலும்தான். எல்லாம் வக்கீல் ஆங்கிலம். சந்தேகம் வருகிற வார்த்தைக்கெல்லாம் வேறு டேப் திறந்து தேடிவிட்டுத் திரும்பினால், எந்த வரியில் விட்டோம் என்பதே மறந்துபோகும்.

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அதுக்குத் தனி சாஃப்ட்வேரே இருக்குதுங்க அக்கா. வார்த்தை மேல ரெண்டு தட்டு தட்டுனா அங்கேயே தமிழ்ல அர்த்தம் வந்துடும். 600 ரூபாய், லைஃப்டைம்" என்றார் அந்தத் தம்பி. சர்வீஸ் காசோடு அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்குப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. வார்த்தையைத் தட்டினால் சின்னப் பெட்டி திறந்து ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் காட்டியது. தமிழ் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் என் அவசரத்துக்குப் போதும்.

அப்புறம் ஆரம்பித்தது. படிக்கிற பக்கங்களில் சில வார்த்தைகள் தாமாகவே நீலக் கோடு போட்ட இணைப்புகளாக மாறின. கை பட்டால் கடன் ஆப், ரம்மி ஆப் விளம்பரம். இதையாவது எரிச்சல் என்று விட்டுவிடலாம். ஒருநாள் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினேன். வந்த பக்கம் கூகுள் மாதிரியே இருந்தது, ஆனால் கூகுள் இல்லை. முதலில் இருந்த எண்ணுக்கு அழைத்தால், பேசியவர் எடுத்த எடுப்பில் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொன்னார். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருந்த எண்ணுக்குப் பேசினேன்.

மறுநாள் எங்கள் ஆபீஸில் கணினி பார்க்கும் தம்பியிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். "அக்கா, இது சாஃப்ட்வேரே இல்லை, குரோம் பிரவுசருக்குள்ள போடுற எக்ஸ்டென்ஷன்ங்கிற குட்டி நிரல். குரோமோட ஸ்டோர்ல இலவசமாவே கிடக்குது" என்றார். நீக்கலாம் என்றால் நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லை. குரோமின் மூன்று புள்ளி மெனுவில் கடைசியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று ஒரு வரி இருந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களின் கணினிகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் வசதி அது. அதை என் சொந்த லேப்டாப்பின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடத்தில் எழுதி, இந்த எக்ஸ்டென்ஷனை நான் கழற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். கூகுளுக்குப் பதில் வேறு தேடுபொறியைக் காட்டியதும் இந்த எக்ஸ்டென்ஷன்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்க ஏதாவது கண்ட சைட்டுக்குப் போயிருப்பீங்க. ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும், 800 ஆகும்" என்றார்கள். ஏற்றியதற்கு 600, இறக்குவதற்கு 800! அவர்களே தெரிந்து செய்தார்களா, எவனோ கொடுத்த பென் டிரைவைக் கண்ணை மூடிக்கொண்டு சொருகினார்களா என்பது எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபார்மட் எல்லாம் தேவைப்படவே இல்லை. ஆபீஸ் தம்பி ரெஜிஸ்ட்ரியில் குரோமுக்கென்று எழுதியிருந்த பாலிசியை (அந்தக் கட்டுப்பாட்டு விதியை) அழித்ததும் எக்ஸ்டென்ஷன் போய்விட்டது. டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எந்த வார்த்தையைத் தட்டினாலும் பொருள் வர வேண்டுமானால், அந்த எக்ஸ்டென்ஷன் எல்லாப் பக்கங்களிலும் நுழைந்தாக வேண்டும். அதனால் நல்ல அகராதியும் கெட்ட அகராதியும் நிறுவும்போது ஒரே அனுமதியைத்தான் கேட்கின்றன: எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும். செய்தித்தாளைப் படிக்கிற அதே கண் நம் மெயிலையும் வங்கிக் கணக்கையும் படிக்கலாம். திருட்டு எக்ஸ்டென்ஷனுக்கு அகராதி வேஷம் இவ்வளவு பொருந்துவது இதனால்தான். கேட்கிற அனுமதி பெரிதாக இருந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

நல்லதாகப் பார்த்து நாமே போட்டாலும் கதை முடிந்துவிடாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. அகராதி இல்லை, சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைப்பது. லட்சக்கணக்கானவர்கள் நம்பி வைத்திருந்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை நீக்கியது. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகும். புதிதாக அனுமதி தேவைப்பட்டால்தான் குரோம் நம்மைக் கேட்கும். அகராதிக்கு ஏற்கெனவே எல்லா அனுமதியும் கொடுத்தாயிற்று, கை மாறினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

அப்படியும் வேண்டும் என்பவர்கள், எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்தில் 'சைட் ஆக்சஸ்' என்பதை 'ஆன் கிளிக்' என்று மாற்றிவையுங்கள். நாம் அதன் ஐகானை அழுத்திய பக்கத்தில் மட்டும் அது எட்டிப்பார்க்கும். நான் அதையும் விட்டுவிட்டேன். வார்த்தையைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் கூகுளில் தேடும் வசதி குரோமிலேயே இருக்கிறது. ஐபோனில் வார்த்தையை அழுத்திப் பிடித்தால் 'லுக் அப்' வரும். தமிழில் பொருள் வேண்டுமானால் விக்சனரியையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அகராதிப் பக்கத்தையும் புக்மார்க்கில் வைத்திருக்கிறேன். கலைச்சொல்லுக்கு அரசின் சொற்குவை இருக்கிறது. தட்டி எழுத வேண்டியிருப்பது கொஞ்சம் இழுவைதான். ஆனால் அந்தத் தளத்துக்கு நான் எழுதிய அந்த ஒரு வார்த்தைதான் தெரியும், என் எல்.சி. தெரியாது.

600 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிகம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அதையும் விடப்போவதில்லை. பணமே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எங்கேயாவது சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அந்த மூன்று புள்ளி மெனுவைக் கடைசி வரை இறக்கிப் பாருங்கள். சொந்த லேப்டாப்பில் 'ஆர்கனைசேஷன்' வரி இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். அதுவரை அதில் வங்கி வேலை வேண்டாம். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலோ போனிலோ மாற்றுங்கள், அதே லேப்டாப்பில் உட்கார்ந்து மாற்றாதீர்கள்.