ஆல் இன் ஒன் சூட்டா, தனித்தனி டூலா? ரெண்டையும் ஓட்டிப் பாத்த அனுபவம்

ஆன்டிவைரஸ், க்ளீனர், டிரைவர் அப்டேட்டர், விபிஎன்னு எல்லாத்தையும் ஒரே சாஃப்ட்வேர்ல கட்டிக் குடுக்கற ஒரு சூட்ட காசு கட்டி ஓட்டிட்டிருந்தேன், ரினியூவல் வந்தப்ப விட்டுட்டு தனித்தனி டூலுக்கு மாறிட்டேன். இப்ப யார் கேட்டாலும் தனித்தனியா போங்கன்னு தான் சொல்லுவேன்.

சூட்டுல வைரஸ் புடிக்கற பாகத்த நான் குறை சொல்ல மாட்டேன், அது ஒழுங்கா தான் வேலை செஞ்சுது. கூட ஒட்டிக்கிட்டு வர்ற மத்ததுங்க தான் பிரச்சனை. ஸ்கேன் போட்டா சிவப்பு கலர்ல ஆயிரத்துக்கும் மேல பிரச்சனை இருக்குன்னு காட்டும், டீடெயில்ஸ்ல போய் பாத்தா முக்காவாசி பிரவுசர் குக்கீ, மிச்சம் ரிஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ எழுதி வச்சிருக்கற எடம்) கெடக்கற பழைய என்ட்ரி. இதுல எது கம்ப்யூட்டர ஸ்லோ பண்ணுது சொல்லுங்க? ரிஜிஸ்ட்ரி க்ளீனர் யூஸ் பண்றத நாங்க சப்போர்ட் பண்ணலன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கு, தப்பான என்ட்ரி போச்சுன்னா விண்டோஸையே திரும்ப இன்ஸ்டால் பண்ற நெலமை கூட வரும்.

எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது ஹார்ட் டிஸ்க் விஷயத்துல. பழைய டிஸ்க் ஒன்னுல ஃபைல் காப்பி பண்ணா நடுவுல நின்னு நின்னு போகுது, சூட்டோட ஹெல்த் செக் பச்சை டிக் போட்டு எல்லாம் ஓகேன்னுது. டிஸ்க்கோட ஹெல்த்த மட்டும் பாக்கற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாத்தா மஞ்சள் கலர்ல காஷன், சி5 லைன்ல பெண்டிங் செக்டார் ஏறியிருக்கு, அதாவது டிஸ்க்கால படிக்க முடியாம தடுமாறுற இடங்க. உடனே பேக்கப் எடுத்தேன். ஒரே வேலைய மட்டும் செய்யற இலவச டூல் சொன்னத காசு வாங்கின சூட் சொல்லல.

இப்ப என்கிட்ட இருக்கறது என்னன்னா, ஆன்டிவைரஸுக்கு விண்டோஸ்லயே இருக்கற டிஃபெண்டர், சந்தேகம் வந்தா மட்டும் மால்வேர்பைட்ஸ் இலவச ஸ்கேன் (ட்ரையல் முடிஞ்சதும் ரியல் டைம், அதாவது பின்னாடி ஓடிட்டே காவல் காக்கறது, நின்னுடும், நாமளா ஓட்டினா தான் ஓடும், எனக்கு அது தான் வேணும்), எந்த ஃபோல்டர் எடத்த அடைக்குதுன்னு பாக்க விஸ்ட்ரீ, ஸ்டார்ட்அப்ல என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு பாக்க ஆட்டோரன்ஸ். டெம்ப் ஃபைல அழிக்க விண்டோஸோட ஸ்டோரேஜ் சென்ஸே போதும். எஸ்எஸ்டில அழிச்ச ஃபைலோட எடத்த திரும்ப ரெடி பண்ற டிரிம் வேலைய கூட விண்டோஸே பாத்துக்கும், டீஃப்ராக் (சிதறிக் கெடக்கற ஃபைல ஒன்னு சேக்கறது) டூல்னு தனியா எதுவும் வாங்காதீங்க.

அதுக்காக சின்ன டூல்னா கண்ண மூடிட்டு நம்பலாம்னு இல்ல. 2017ல சிசிக்ளீனர்ங்கற க்ளீனர் டூலோட 5.33 வெர்ஷனுக்குள்ளயே மால்வேர புகுத்திட்டாங்க, கம்பெனியோட சொந்த சர்வர்லேர்ந்தே அது 20 லட்சத்துக்கும் மேல கம்ப்யூட்டருக்கு போயிருச்சு. பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனியும் லேசுப்பட்டதில்ல, யூசருங்க எந்தெந்த சைட் பாக்கறாங்கன்ற டேட்டாவ ஜம்ப்ஷாட்ங்கற துணை கம்பெனி வழியா வித்ததுக்கு அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்டணும்னு 2024ல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி சொல்லுச்சு. என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் இது தான்: விஸ்ட்ரீ மேல சந்தேகம் வந்தா ரெண்டு நிமிஷத்துல தூக்கிட்டு வேற போட்டுக்கலாம், பாஸ்வேர்டு, விபிஎன், ஆன்டிவைரஸ் மூணும் ஒரே கம்பெனிகிட்ட இருந்தா அவ்ளோ சுலபமா வெளிய வர முடியாது.

சூட் யாருக்கு சரிப்படும்னா, வீட்டுல நாலஞ்சு டிவைஸ், குழந்தைங்களுக்கு பேரன்டல் கன்ட்ரோல், விபிஎன் எல்லாத்தையும் நெஜமாவே யூஸ் பண்றவங்களுக்கு. அவங்க கூட ரிஜிஸ்ட்ரி க்ளீனரையும் டிரைவர் அப்டேட்டரையும் ஆஃப் பண்ணி வைங்க, டிரைவர லேப்டாப் கம்பெனி சைட்லேர்ந்தே எடுங்க.

மாறப்போறீங்கன்னா ஒன்னு, ரியல் டைம் ஆன்டிவைரஸ் ரெண்டு ஒரே நேரத்துல ஓடவே கூடாது, ஒன்ன ஒன்னு மோதிக்கும். சூட்ட சாதாரணமா அன்இன்ஸ்டால் பண்ணா சில சர்வீஸ் அப்படியே தங்கிடும், அதனால அந்த கம்பெனியோட ரிமூவல் டூல டவுன்லோட் பண்ணி வச்சுட்டு, நெட்ட கட் பண்ணிட்டு, அந்த டூல போட்டு எடுத்துட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் செக்யூரிட்டிய தொறந்து டிஃபெண்டர் ஆன் ஆயிருச்சான்னு பாத்துட்டு அப்புறம் நெட்ட கனெக்ட் பண்ணுங்க.