ஒரு ரெஃபரன்ஸ் பைபிளோடு 12 வருஷம்: என் அனுபவம்

2014 ஜனவரியில் நாகர்கோவிலில் வாங்கினேன். கறுப்பு உறை, சுற்றிலும் ஜிப், தாள் ஓரத்தில் தங்கப் பூச்சு. ஒவ்வொரு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒத்த வசனங்களின் எண்கள், கடைசியில் சில வரைபடங்கள், ஒரு சின்னக் கன்கார்டன்ஸ் (எந்த வார்த்தை எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல்). 12 வருஷமாக ஏறக்குறைய தினமும் கையில் எடுத்த பொருள் என்றால் என் டூல் பாக்ஸுக்கு அடுத்து இதுதான். அருமனைப் பக்கம் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எரேமியா புத்தகத்தில் இன்னும் என் பெருவிரல் கிரீஸ் அடையாளம் இருக்கிறது.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அட்டை, பைண்டிங் கதையாகிவிடும்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு கன்வென்ஷனுக்கு, அதாவது பந்தல் போட்டு நடத்தும் நற்செய்திக் கூட்டத்துக்கு, அம்மாவைக் கூட்டிப் போனேன். எங்கள் மாவட்டத்தில் டிசம்பர் தாண்டினால் எந்த மைதானத்திலும் பந்தல் இருக்கும், சொல்லவே வேண்டாம். மேடையில் இருந்தவர் சர்க்கரை வியாதி உள்ளவர்களைக் கைதூக்கச் சொன்னார். அம்மா தூக்கினாள். "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது, நானும்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. "எனக்குச் சுகமாயாச்சு மக்கா. இனி குளிகை வேண்டாம்" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அது அவிசுவாசம் அல்லவா?

இரண்டு மாதம் குளிகை இல்லை. காலில் ஒரு சின்னப் புண். பிறகு ஆஸ்பத்திரி. இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். படுக்கையில் கிடந்து அம்மா கேட்டது இதுதான்: "எனக்கு விசுவாசம் காணாதோ மக்கா?" விரல் போனதைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தியது.

வாங்கி வந்த அன்றே அந்த வசனத்தைத் தேடினேன். 1 பேதுரு 2:24. மேடையில் கேட்டது அதன் வால் மட்டும். முழு வசனம், அவர் நம்முடைய பாவங்களைச் சிலுவையின்மேல் சுமந்தார் என்று தொடங்குகிறது. நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைத்திருக்க வேண்டும் என்று போகிறது. முன்பின் பத்தி முழுக்க அநியாயமாய்ப் பாடுபடுகிற வேலைக்காரர்களுக்குச் சொல்லும் புத்தி. அங்கிருந்த ஒத்த வசன எண் ஏசாயா 53-க்கு அனுப்பியது. அங்கிருந்து மத்தேயு 8:17-க்குப் போனால், அதே ஏசாயா அதிகாரத்தை இயேசு நோயாளிகளைச் சுகமாக்கியதோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆக, கர்த்தர் சுகம் தருவதில்லை என்று வேதம் சொல்லவில்லை. குளிகையை நிறுத்து என்றும் சொல்லவில்லை. மேடையில் ஒரு நிமிஷத்தில் முடிந்தது எனக்கு ஒரு ராத்திரி எடுத்தது.

பிறகு ஒன்றொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அதே ஏசாயா 38-ன் கடைசியில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னவரும் ஏசாயாதான். பிளவை! அம்மாவின் காலைப் பார்த்த நர்ஸ் சொன்ன அதே வார்த்தை. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியம் சொல்கிறான். கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து ஊரில் விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறான். பவுலுக்கு விசுவாசம் காணாதென்று யார் சொல்வது? 2 தீமோத்தேயு 4:20-ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" என்றாள்.

(எங்கள் ஊருக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். 1806-ல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து இங்கே சபையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தன. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் தொடக்கம் 1838. எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் அங்கேதான் வருஷக்கணக்காகக் கத்தி பிடித்தார். பைபிளையும் மருந்தையும் ஒரே கையால் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.)

இனி உபயோகித்த விதம். முதல் வருஷம் தோல்வி. மொத்தம் 1189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடியும் என்ற பழைய கணக்கில் இறங்கினேன். ஆதியாகமம் கதை போல ஓடியது. யாத்திராகமத்தின் பின்பாதியில் மூச்சு வாங்கியது. லேவியராகமத்தில் படுத்துவிட்டேன். அங்கே படுக்காதவர் யாராவது இருந்தால் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

அடுத்த வருஷம் கணக்கை விட்டேன். ஒரு புத்தகத்தை எடுத்து ஒரே இருப்பில் முழுசாக வாசிப்பது, பிறகு மெதுவாகத் திரும்ப வருவது. பிலேமோனில் மொத்தமே 25 வசனம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு நோட்டில் மூன்று கேள்வி: யார் எழுதினார், யாருக்கு, என்ன தகராறு நடந்துகொண்டிருந்தது? பென்சில் மட்டும், பேனா கூடாது. மெல்லிய தாளில் மை அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிடும். ரோமரில் அப்படி இரண்டு பக்கத்தைக் கெடுத்த பிறகு கற்றுக்கொண்டது.

தமிழே ஒரு தடைதான். நாம் வாசிப்பது 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். "உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது" என்று எத்தனை முறை ஆலயத்தில் கேட்டிருப்பேன்! ரிட்டையர் ஆன டீச்சர் ஒருவர்தான் விளக்கினார்: "கல்யாண வீட்டுல கலவறைச் சாவி வச்சிருக்க மாமா இருக்காரே, அவருதான். அரிசியும் தேங்காயும் அவருக்க சொத்து இல்ல. ஆனா பந்தியில குறைஞ்சா அவரத்தான் கேப்பாவ." அதற்கப்புறம் அந்த வசனம் எனக்கு மறக்கவில்லை. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கத்தோலிக்கரும் நம் புராட்டஸ்டன்ட் சபையாரும் சேர்ந்து செய்தது என்பதால் எங்கள் சபையில் சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பல இடத்தில் அதுதான் கதவைத் திறந்தது.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். டீச்சர், ஒரு ஆட்டோக்காரர், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற தம்பி ஒருவன். பாட்டு ஒன்று, ஜெபம் ஒன்று, மீதி நேரம் பாடம். ஆரம்பத்தில் வந்த பாதிப்பேர் நின்றுவிட்டார்கள், "ஆவியே இல்லை" என்று.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடற்கரை ஊர்களில் போனவர்கள் போனவர்கள்தான். அந்தத் துக்கத்தை இங்கே நான் எழுதினால் சரியாக வராது. எங்கள் பக்கம் மரம். ரப்பர் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தது, வாழை மொத்தமும் படுத்துவிட்டது, கரண்ட் பல நாள் வரவில்லை. அந்த டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தது; புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம். பால்வெட்டுத் தம்பிக்குக் கிடைத்தது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையைப் பார்த்து அழுதான். அவன் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் பாதி மரம் இல்லை.

அடுத்த புதன்கிழமை மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எரேமியா 28, 29 இரண்டையும் வாசித்தோம். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டு வருஷத்தில் பாபிலோன் நுகம் முறியும் என்கிறான், எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி ஜனங்கள் முன்னால் முறிக்கிறான். நம்மூர் பந்தலாக இருந்தால் கைத்தட்டல் எங்கே போயிருக்கும்! எரேமியா என்ன செய்தான் தெரியுமா? முதலில் "ஆமென்" என்கிறான். அவனுக்கும் அதுதான் ஆசை. பிறகு தன் வழியே போய்விடுகிறான். அப்புறம்தான் வார்த்தை வருகிறது: மர நுகத்தை முறித்தாய், அதற்குப் பதில் இரும்பு நுகம். ஐந்தாம் மாதம் பேசிய அனனியா ஏழாம் மாதம் செத்தான். அடுத்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் நட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், 70 வருஷம் ஆகும். அந்த 70-க்கு அடுத்த வரிதான் தம்பியின் அட்டை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பிதான் பேசினான். "அண்ணே, ஒரு ரப்பர் கன்னு வச்சா கத்தி வைக்க ஏழு வருசம் ஆவும். ரெண்டு வருசத்துல எல்லாம் சரியாயிரும்னு சொல்லுகவன நம்பப்படாது, அப்பிடித்தானே? நடச் சொல்லுகாரு."

அவன் முகத்தில் அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஆனால் மழை விட்டதும் முதலாளியிடம் போய்க் கன்று வைப்பதைப் பற்றிக் கேட்டான். அந்தக் கன்றுகளில் இப்போது பால்வெட்டு நடக்கிறது.

உணர்ச்சி கூடாதென்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். நெகேமியா 8-ல் லேவியர்கள் வேதத்தைத் தெளிவாக வாசித்து அர்த்தம் சொன்னார்கள். புரிந்தபோது ஜனங்கள் அழுதார்கள். எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீஷருக்கும் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது, வேதவாக்கியங்களை இயேசு விளங்கக்காட்டினபோதுதான். இந்த வரிசையைத்தான் நான் பார்க்கிறேன். ஒருமுறை ஒரு கூட்டத்தில் ஜெபத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெபத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த கீபோர்டு நின்றது. தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தவளைச் சத்தம்தான் கேட்டது. ஜெனரேட்டர் ஓடியதும் கைகள் மறுபடி ஏறின. என் கையும் அதில் ஒன்று.

குறைகளும் சொல்ல வேண்டும். பொருளில்: ஜிப் மூன்றாம் வருஷமே துருப்பிடித்தது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், ஜிப் உறை இங்கே வேண்டவே வேண்டாம். ஒத்த வசன எழுத்து நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி இல்லாமல் தெரியாது. ஏழாம் வருஷம் முதுகு பிரிந்தது. பைண்டிங் கடையில் நூல்தையல் போட்டு வாங்கினேன். கடைசியிலுள்ள கன்கார்டன்ஸ் பாதி வார்த்தைகளுக்கு உதவாது, அதற்கு மட்டும் போனில் தேடிக்கொள்கிறேன். போனில் வாசிக்கப் பழகவில்லை. வசனம் கிடைக்கும், அதற்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று கண் போகாது.

என்னில்: சண்டைக்காரன் ஆனேன். நடுவில் இரண்டு வருஷம் யார் பிரசங்கித்தாலும் தப்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் போதகரை ஆலய வாசலிலேயே நிறுத்தி எபிரெயர் நிருபத்தைப் பற்றி வாதம் பண்ணினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள், "பந்தல்ல கத்துனவங்க அவங்க அளவுக்குக் கத்துனாங்க. நீங்க பைபிளத் தூக்கிக்கிட்டுக் கத்துறீங்க." அன்றைக்கு ராத்திரி பக்கத்தைப் புரட்டினால் 1 கொரிந்தியர் 8:1, "அறிவு இறுமாப்பை உண்டாக்கும்." அடுத்த ஞாயிறு போதகரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எபிரெயர் விஷயத்தில் இன்னும் எனக்கு அதே கருத்துதான்.

வாங்குகிறவர்களுக்கு: ஜிப் இல்லாதது, தையல் பைண்டிங், எழுத்து பெரிசு. ரெஃபரன்ஸ் கண்டிப்பாக வேண்டும். தங்கப் பூச்சுக்குப் பணம் கூடக் கொடுக்காதீர்கள், இரண்டு வருஷத்தில் உதிர்ந்துவிடும். புதுசாகத் தொடங்குகிறவர் மாற்கில் தொடங்கட்டும். ஆதியாகமத்தில் தொடங்கினால் என் கதிதான்.

அம்மாவுக்கு இப்போது 74. குளிகையும் சாப்பிடுகிறாள், ஜெபமும் பண்ணுகிறாள். போன மாதம் பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சங்கீதத்தில் 88-க்கு வந்திருக்கிறாள். "கடைசி வர இருட்டாவே முடிஞ்சிருக்கே மக்கா, அச்சுல ஏதும் விட்டுப்போச்சோ?" என்று கேட்டாள். இல்லை, அப்படித்தான் இருக்கிறது என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி முதல் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.