அப்பாவின் அம்பாசடர் எஸ்டேட்: பட்டி பூசும் முன்பே போய்ப் பாருங்கள்

பழைய வண்டியைப் புதுப்பிக்கக் கொடுக்கப் போகிறவர்கள், அதிலும் வெளிநாட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் என்பது போதும். அங்கே நல்ல பட்டறைகளும் இருக்கின்றன, எனக்கு வாய்த்தது இது.

வண்டி 1972-ல் பதிவான அம்பாசடர் மார்க் 2 எஸ்டேட். டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் கூரை கடைசி வரை நீண்டு, பின்னால் ஒரு கதவு. அப்பா அதைக் குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டக்காரரிடம் 1981-ல் வாங்கினார். எஸ்டேட்காரர் வண்டி என்பதால்தான் எஸ்டேட் என்று பெயர் என நான் பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் பின்பக்கம் பாய் விரித்து எட்டுப் பிள்ளைகள் போவோம். பாட்டியைப் படுக்க வைத்துத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனதும் அதில்தான். அப்பா போன பிறகு ஆறு வருடம் ஷெட்டிலேயே நின்றது. வீடு முட்டத்தில். கடற்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி அதன் பழைய உருவில் இருக்க வேண்டும், பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்பா ஓட்டிய நம்பரிலேயே ஓட்டலாமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அப்போது நான் மஸ்கட்டில் வேலையில் இருந்தேன். லீவுக்கு வந்தபோது, தெரிந்தவர் சொன்ன பட்டறையில் வண்டியை விட்டேன். மொத்தம் மூன்றரை லட்சம், நாலு மாதம், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் என்று பேச்சு. எழுதித் தாருங்கள் என்றதற்குப் பட்டறைக்காரர், "பேப்பர் எல்லாம் எதுக்கு சாரே, ஒண்ணும் பயப்படண்டாம், நாம ஒரே ஊருக்காரங்கதானே" என்றார். நானும் தலையாட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

படங்கள் வந்தன. பெயிண்ட் சுரண்டிய பாடி, கழற்றிப் போட்ட கதவுகள். அப்புறம் மூன்று வாரம் படமே இல்லை. கேட்டால் மழை, டிங்கருக்குக் காய்ச்சல், கரண்ட் இல்லை. அடுத்த படத்தில் வண்டி முழுக்கச் சாம்பல் நிற பிரைமர், வழவழ என்று. நான் சந்தோஷப்பட்டு அன்றே அறுபதாயிரம் அனுப்பினேன். எல்லாம் நடந்து முடிந்தது அந்த மூன்று வாரத்தில்தான் என்று இப்போது தெரிகிறது.

நாலு மாதம் பதினாலு மாதம் ஆனது. மூன்றரை லட்சம் நாலு லட்சத்து அறுபதாயிரம் ஆனது. வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். வெள்ளை பெயிண்ட், அத்தனை பளபளப்பு.

குட்டை உடைத்தது என் மகள். பிரிட்ஜில் இருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்து வந்து வண்டியில் ஒட்டி விளையாடினாள். பானெட்டில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. கதவுக்குக் கீழே வைத்ததும் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. "அப்பா, இங்க மட்டும் மாதா நிக்க மாட்டேங்கா" என்றாள். நான் அந்தக் காந்தத்தை வாங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில், பின்சக்கர வளைவில், பின்கதவின் கீழ் விளிம்பில் எங்கேயும் நிற்கவில்லை. விரலை மடக்கித் தட்டினால் பானெட்டில் தகரச் சத்தம், கீழே சுவரைத் தட்டுகிற சத்தம். ஸ்குரூ டிரைவரால் ஒரு இடத்தில் குத்தினேன். பெயிண்ட், பிரைமர், அதற்குள் விரல் தடிமனுக்குப் பட்டி. அதற்கும் உள்ளே பிஸ்கட் மாதிரி உதிர்கிற துரு, துருவுக்குள் சுருட்டி அடைத்த மலையாளப் பேப்பர். தேதி பார்த்தேன். வண்டி அவர்களிடம் இருந்த மாதம்தான். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

பட்டி என்கிற பசை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பள்ளத்தை நிரவத்தான். தகரம் போன இடத்தில் தகரம்தான் வெட்டி வைத்துப் பற்றவைக்க வேண்டும். அழகு போனால் போகட்டும், உயிர்ப் பிரச்சினை வேறு இருக்கிறது. அம்பாசடருக்கு லாரி மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகரப் பெட்டிதான் அதன் முதுகெலும்பு. பின்சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங்கும் பாடியில்தான் மாட்டியிருக்கும். வடசேரியில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு வயதான மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் படுத்தவர், "ஸ்பிரிங் மாட்டுத இடத்துல டின் தகரத்த ஒட்ட வச்சிருக்கான் மக்கா. பிள்ளைகள ஏத்திட்டுப் போயிராத" என்றார்.

அப்புறம் என்ஜின். அவர் மண்ணெண்ணெய்த் துணியால் பிளாக்கைத் துடைத்து நம்பரைப் படிக்க, நான் ஆர்.சி. புக்கைப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. அதே 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின்தான், ஆனால் வேறு ஏதோ வண்டியுடையது. பட்டறைக்காரருக்குப் போன் போட்டால், "பழைய பிளாக்கு வெடிச்சுப் போச்சு சாரே, ஆக்கர் கடையில போட்டாச்சு" என்று சாதாரணமாகச் சொல்கிறார். ஆக்கர் கடை என்றால் பழைய இரும்புக் கடை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த நிலையில் வின்டேஜ் பதிவு கேட்டு எந்த முகத்தோடு போவது? அது போகட்டும், என்ஜின் நம்பர் மாறிய வண்டியை ரோட்டில் இறக்கினாலே வில்லங்கம். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

பணத்தைவிட வயிறு எரிவது பின்பக்கக் கண்ணாடிக்குத்தான். முன்பக்கச் சாமான் சாதாரண அம்பாசடரில் இருந்தே கிடைக்கும், பின்சீட்டுக் கதவைத் தாண்டினால் எஸ்டேட்டுக்கென்று தனி. இடது பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு அக்ரிலிக் ஷீட் வெட்டிச் சொருகியிருக்கிறார்கள். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்ததும் கீறல் விழுந்துவிட்டது.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இழுத்தடிக்காதீர்கள். பில் ஒன்றுகூட இல்லை. அட்வான்ஸ் உட்பட எல்லாவற்றையும் வங்கி வழியாக அனுப்பியதும், படங்களை அழிக்காமல் வைத்திருந்ததும்தான் இப்போது கையில் இருக்கிற பிடி.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், ஒவ்வொரு கண்ணாடி, கிரில், வீல் கப் எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு விடுங்கள். பெயிண்ட் சுரண்டியதும் ஒரு நாள், வெல்டிங் முடிந்து பட்டி பூசும் முன்பு ஒரு நாள், நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் போங்கள். விமான டிக்கெட் செலவானாலும் பரவாயில்லை. "இப்ப வராதீங்க, முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றால் அன்றைக்கே போங்கள்.

வண்டி இப்போது வடசேரியில் நாலு கட்டையில் நிற்கிறது. மேஸ்திரி பட்டியை எல்லாம் உதிர்த்துவிட்டார், பார்க்கச் சல்லடை மாதிரி இருக்கிறது. எஸ்டேட்டின் இடது பக்கப் பின்கண்ணாடி எங்காவது ஆக்கர் கடையில் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். லேசான கீறல் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.