நடுநிலை வகுப்பில் கற்றல் மூலைகள்: மேல்மலையில் சில வருடப் பயன்பாடு

வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, மேசைக்கு ஒரு வேலை வைத்து, குழுக்களை மேசை மேசையாகச் சுற்ற விடுவதுதான் கற்றல் மூலை. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, ஆறு ஏழு எட்டாம் வகுப்புக்குச் சரிப்பட்டு வருமா என்று, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். சரிப்பட்டு வரும். ஆனால் என் வகுப்பில் போடுகிற நான்கு மேசைகளில் உண்மையாக வேலை செய்வது ஒன்றுதான், நான் உட்கார்ந்திருக்கும் மேசை. மற்ற மூன்றும் எனக்கு அந்த இருபது நிமிடத்தை வாங்கித் தருவதற்காக இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், ஆள் குறைவு என்பதால் அறிவியலும் என் தலையில்தான். பூண்டும் கேரட்டும் உருளையும் விளைகிற ஊர். கொரோனா விடுமுறைக்குப் பிறகு 2021 நவம்பர் 1ஆம் தேதி எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளி திறந்தபோது ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் அதற்கு முன்னால் ஒழுங்காக வகுப்பறையைப் பார்த்தது நான்காம் வகுப்பில். ஒருத்தி பின்னத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பாள், பக்கத்தில் இருப்பவனுக்கு ஏழாம் வாய்ப்பாடே வராது. ஒரே கரும்பலகையில் யாருக்கு நடத்துவது? அப்போது ஆரம்பித்ததுதான் இது, அந்தப் பிள்ளைகள் எட்டு முடித்துப் போன பிறகும் விடவில்லை.

புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது, அதை நடத்தியவர்களுக்கு, யார் உதவியோடு படிப்பது என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்த அந்தக் குழுத் தட்டுகள் நினைவிருக்கும்: ஆசிரியர் முழு உதவி, ஆசிரியர் பகுதி உதவி, சகமாணவர் முழு உதவி, சகமாணவர் பகுதி உதவி, சுயமாகக் கற்றல், மதிப்பீடு. பாயைப் போட்டு ஆறு வட்டம். ஆறாம் வகுப்புக்கு மேலே வந்த படைப்பாற்றல் கல்வியில் அட்டை போய், பாடத்தின் கருத்துகளைப் படமாக வரையும் மனவரைபடம் வந்தது, அது பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு நல்லது, படிக்கவே தெரியாதவனுக்கு அது ஒரு ஓவியப் பாடவேளை. அந்த ஆறு தட்டில் முதல் தட்டை மட்டும் எடுத்து நடுநிலை வகுப்பில் வைத்தால் என்ன என்பதுதான் என் யோசனை. (இன்னொன்று, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1942 முதல் 1944 வரை, இதே கொடைக்கானலில்தான் தங்கியிருந்தார். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான அவருடைய கல்விமுறை இங்கே வளர்ந்து உருப்பெற்றது. எங்கள் மலையில் இது பல பேருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.)

வாரத்தில் ஒரு நாள், நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டைச் சேர்த்து எண்பது நிமிடம். மேசைக்கு இருபது நிமிடம், நான்கு சுற்று. தனிப் பாடவேளையில் செய்து பார்த்தால் பெஞ்சை நகர்த்தி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், ஆகவே ஹெச்.எம்.மிடம் பேசி டைம் டேபிளில் இரண்டு பாடவேளையை ஒட்டி வாங்குவதுதான் முதல் வேலை. இரண்டு பெஞ்சை எதிரெதிரே போட்டால் ஒரு மேசை. சுற்று மாற சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு.

முதல் மேசை என்னுடையது. இரண்டாவதில் சந்தைக் கணக்கு. மூன்றாவதில் தப்பைக் கண்டுபிடிக்கும் அட்டைகள். நான்காவதில் வாசிப்பு அல்லது அறிவியல்.

என் மேசையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பையன் 618ஐ 6ஆல் வகுத்து 13 என்று எழுதுவான். நோட்டைத் திருத்தும்போது சிவப்பு மையில் ஒரு கோடு, கவனம் இல்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான் நம்மால் முடியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அவன் வகுத்தலை ஒழுங்காகத்தான் செய்கிறான்: ஆறில் ஆறு ஒரு தடவை, அடுத்து ஒன்று இறங்குகிறது, அதில் ஆறு போகாது, சரி எட்டையும் இறக்கு, பதினெட்டில் மூன்று தடவை. போகாத இடத்தில் ஈவில் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அறுநூறை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டதும் நூறு என்கிறான், அப்புறம் தன் 13ஐப் பார்த்துத் தானே சிரிக்கிறான். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் இப்படியே எட்டாம் வகுப்பு வரை போகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எரிச்சலாக வரும்.

சந்தைக் கணக்குதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இத்தனை மூட்டை கேரட் போகிறது, கிலோ இவ்வளவு, கமிஷன் இத்தனை சதவீதம், வண்டி வாடகை இவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, லாபமா நட்டமா. நான் எழுதிய முதல் அட்டையைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், சாக்குக் காசு, ஏத்துக்கூலி ரெண்டையும் விட்டுட்டீங்க" என்றாள். அப்போதிருந்து அட்டைகளை அவர்களே எழுதுகிறார்கள், நான் எண்களை மட்டும் சரிபார்க்கிறேன். வீட்டில் உள்ளவர்களிடம் விலை கேட்டுக்கொண்டு வருகிறார்கள். சதவீதம் நடத்த இதைவிடப் பெரிய உபகரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தப்பைக் கண்டுபிடிக்கும் அட்டை எதற்கென்றால், இந்த வயதில் விடை அட்டையைப் பக்கத்தில் வைத்தால் பார்த்து எழுதிவிட்டு மீதி நேரம் அரட்டை அடிப்பார்கள். குறை சொல்ல முடியாது, நாமும் அப்படித்தான் செய்வோம். அதனால் முழுக் கணக்கையும் விடையோடு கொடுத்து, நடுவில் ஒரு படியைத் தப்பாக வைத்துவிடுகிறேன். எந்தப் படி, ஏன் என்று எழுத வேண்டும். பார்த்து எழுத அதில் ஒன்றும் இல்லை.

நான்காவது மேசையில், பள்ளிகளுக்கு அரசு தரும் வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்கள்தான் கைகொடுக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருப்பதாலும், மெல்லிசாக இருப்பதாலும் ஒரு சுற்றில் ஒன்றை முடித்துவிடலாம். அறிவியல் வாரமென்றால் ஊரை வைத்து அட்டை. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அப்படியானால் நம் வீட்டில் பருப்பு வேக ஏன் அவ்வளவு நேரம், குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது? குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்து எப்போது, அப்போது உனக்கு என்ன வயது? செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை விட்டால் என்ன நிறம், சோப்புத் தண்ணீர் விட்டால் என்ன நிறம்? ஆனால் அடுப்பு, தீ, கண்ணாடிக் குழாய் எதுவும் இந்த மேசைக்கு வரக்கூடாது, பெரியவர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார் என்பதுதானே இதன் அமைப்பே. அதெல்லாம் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டும் வானவில் மன்றத்துக்கு.

அடுத்து பொருட்கள். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும். சார்ட் பேப்பர் சுருண்டுவிடும், பசை விட்டுப்போகும், ஸ்கெட்ச் எழுத்து ஊறிப் பரவும், சுவரில் ஒட்டியதன் பின்பக்கம் பூஞ்சை பிடித்திருக்கும். லேமினேஷன் போட்டவற்றில் ஓரம் நெருக்கமாக வெட்டியதெல்லாம் ஈரம் ஏறிப் பிரிந்துவிட்டது, ஒரு விரல் இடம் விட்டு வெட்டியது இன்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட உழைத்தது கல்யாணப் பத்திரிகைதான். தடிமனான அட்டை, பின்பக்கம் வெறுமை, காசு கிடையாது, முகூர்த்த மாதம் முடிந்ததும் பிள்ளைகளிடம் சொன்னால் கட்டுக்கட்டாக வரும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, மூடியுள்ள பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தால் மழைக்காலம் தாண்டிவிடும். சுவரில் எதையும் ஒட்டுவதில்லை இப்போது. பார்க்க வகுப்பு மொட்டையாகத்தான் இருக்கும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்கழி, தையில் காலையில் விரல் மரத்துப் பேனா பிடிக்க வராது, ஆகவே முதல் பாடவேளையில் இதை வைக்காதீர்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் வெயில் விழும் இடத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் என் மேசையைப் போட்டேன். அதுவரை என்னிடம் வர இழுபறி செய்தவர்கள், "டீச்சர், இன்னைக்கு நான் வெயில் மேசைக்கு வரட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

குழு பிரிப்பதுதான் இதில் சூட்சுமமான விஷயம், பன்னிரண்டு பதின்மூன்று வயது இல்லையா. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், பிள்ளைகளின் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் நினைக்காது. எட்டாம் வகுப்புப் பையனை அரும்பு என்று கூப்பிட்டால் அன்றோடு அவன் வகுப்பில் வாய் திறக்க மாட்டான். என்ன பெயர் வைத்தாலும் எது மக்குக் குழு என்று இரண்டாவது வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் சுற்றும் குழு எல்லாமே கலந்த குழு. என் மேசைக்கு மட்டும் ஆளைப் பார்த்து இல்லாமல் கணக்கைப் பார்த்து அழைக்கிறேன்: கடன் வாங்கிக் கழிப்பதில் சந்தேகம் உள்ளவர்கள், பின்னம் கூட்டுவதில் தடுமாறுபவர்கள். முதல் மதிப்பெண் எடுக்கிறவளும் ஏதாவது ஒன்றுக்கு வந்துவிடுவாள், அவள் வருவது மற்றவர்களுக்குத் தெம்பு.

எதற்கு ஒத்துவராது? புதிய பாடத்துக்கு ஒத்துவராது. குறை எண்களையோ இயற்கணிதத்தையோ முதன்முதலில் அட்டையில் படித்து யாரும் புரிந்துகொள்ளப் போவதில்லை, அதற்குக் கரும்பலகைதான். மூலைகள் பயிற்சிக்கும் ஓட்டை அடைப்பதற்கும். முப்பத்தைந்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் ஒரு மேசைக்கு ஒன்பது பத்துப் பேர் ஆகிவிடும், அப்போது என் மேசையும் ஒரு சின்ன வகுப்பாக மாறிவிடும், பலன் பாதி. மலைப் பள்ளிகளில் எண்ணிக்கை குறைவு என்று நாம் கவலைப்படுகிறோம், இந்த ஒன்றுக்கு மட்டும் அது வசதி.

சத்தம் இருக்கும். ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி வாசலில் நின்று, டீச்சர் ஏன் நடத்தாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார். அவரை இரண்டாவது மேசையில் உட்கார வைத்து ஒரு சந்தை அட்டையைக் கையில் கொடுத்தோம். சாக்குக் காசைக் கழிக்க மறந்துவிட்டார். பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். பார்வைக் குறிப்பில் மட்டும் சுவரில் கற்றல் உபகரணங்கள் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படையைச் சரிசெய்யும் அரசின் திறன் திட்டம் வந்த பிறகு வேலை கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது, தமிழ், ஆங்கிலம், கணக்கில் யாருக்கு எங்கே ஓட்டை என்ற பட்டியலை அடிப்படை மதிப்பீடே தந்துவிடுகிறது. நான் அந்தப் பட்டியலை வைத்துத்தான் இப்போது என் மேசைக்கு அழைக்கிறேன்.

வருகிற ஜூனில் ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதல் மாதம் மேசையே போடாதீர்கள். தட்டில் தட்டினால் எழுந்து அடுத்த இடத்துக்குப் போவதை மட்டும் பழக்குங்கள், வெறும் வாய்ப்பாடு அட்டையை வைத்து. பிறகு இரண்டு மேசை போதும், வகுப்பில் பாதி உங்களிடம், பாதி தப்பைக் கண்டுபிடிக்கும் அட்டையில். காலாண்டுத் தேர்வு முடிந்தபின் மூன்றாவது, நான்காவது. பத்திரிகை அட்டைக்கு இப்போதே சொல்லி வையுங்கள், ஆடி பிறந்தால் கல்யாணம் இருக்காது.