2147483647, 4294967297: தரம் 11 வகுப்புக்கு எந்த எண்?

திருகோணமலை உவர்மலையில் தரம் 11 மாணவருக்குக் கணிதம் கற்பிக்கும் நான், காரணிகள் பற்றிய பாடத்துக்கு ஒரு பெரிய எண்ணைத் தேடியபோது இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. ஒன்று 2³¹ − 1, அதாவது 2147483647. மற்றையது 2³² + 1, அதாவது 4294967297. இரண்டாவதைத் தெரிவுசெய்தேன், இரண்டு வருடங்களாக அதனையே கற்பிக்கிறேன்.

இரண்டும் பத்து இலக்க ஒற்றை எண்கள். இரண்டையும் ஆராய்ந்தவர் 18 ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஒயிலர். முதலாவது ஒரு முதன்மை எண் என்பதை அவர் 1772 இல் அறிவித்தார். அதன்பின் பல பதிற்றாண்டுகள் வரை அறியப்பட்ட மிகப் பெரிய முதன்மை எண் அதுவே. கணினியில் 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், நேர் அல்லது மறைக் குறியுடன் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் அதுவே என்பதால், கணினி நிரல் எழுதப் பழகிய பிள்ளைகள் அதனை உடனே அடையாளம் காண்கின்றனர். கவர்ச்சி அதற்கே அதிகம்.

எனினும், ஆசிரியர் சொல்வதை மாணவர் தம் கையாலேயே சரிபார்க்க முடியுமா என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது. 2147483647 முதன்மை எண் என்று நிறுவ, அதன் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 46,341 வரை அதற்கு முதன்மைக் காரணி இல்லை என்று காட்ட வேண்டும். அத்தகைய காரணி இருப்பின் அது 248 ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரவேண்டும் என்ற விதியைப் பயன்படுத்திய பின்னரும் 373 எண்கள் எஞ்சுகின்றன. சேர்த்தி எண்களை நீக்கினாலும், ஒரு பாடவேளைக்குள் அடங்காத அளவுக்கு நீள்வகுத்தல்கள் மிஞ்சும். பிள்ளைகள் என் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

4294967297 அப்படியன்று. 17 ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் பெர்மா அதனை முதன்மை எண் என்று கருதினார். 641 அதன் காரணி என்று 1732 இல் ஒயிலர் காட்டினார். ஒரேயொரு வகுத்தலில் 6700417 என்ற ஈவு மீதியின்றிக் கிடைக்கிறது. வகுக்காமலும் காட்டலாம்: 641 = 5⁴ + 2⁴ என்பதால், 5⁴ × 2²⁸ + 2³² என்பது 641 இன் மடங்கு. 640 = 5 × 2⁷ என்பதால், 5⁴ × 2²⁸ − 1 என்பது 640⁴ − 1 ஆகும்; வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கொண்டு காரணிப்படுத்தினால் அதனுள் 640 + 1 வந்துவிடும். முன்னையதிலிருந்து பின்னையதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1. தரம் 11 பாடத்திட்டத்துக்கு வெளியே இதில் ஒரு படியும் இல்லை. இதனைவிட அழகான நிறுவலை நான் அவ்வகுப்பில் காட்டியதில்லை.

641 ஐ எங்ஙனம் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகள் கேட்கும்போதுதான் குறை தெரிகிறது. 4294967297 இன் முதன்மைக் காரணிகள் 64 ஆல் வகுக்கும்போது 1 மீதி தரும் என்றும், 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்து வரும் ஐந்தாவது அத்தகைய முதன்மை எண் 641 என்றும் சொல்கிறேன். அவ்விதியை நிறுவிக் காட்ட அவ்வகுப்பில் இயலாது. உயர்தர (தரம் 12, 13) மாணவருக்கு நான் கற்பித்ததில்லை. விதியை நிறுவ நேரமிருக்கும் அங்கே, 2147483647 ஏற்றதாக அமையக்கூடும்.