ஆலையா, வரி ஒப்பந்தமா, வில்லாவா? மொரிசியஸ் போன மூன்று வழிகள்

1968 மார்ச்சில் விடுதலை கிடைத்தபோது மொரிசியஸின் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை வரவழைக்கத் தீவு பல கதவுகளைத் திறந்தது. முக்கியமானவை மூன்று: ஏற்றுமதி ஆலைகள், இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தைச் சார்ந்த நிதித் தொழில், வெளிநாட்டாருக்கு விற்கும் வில்லாக்கள். மூன்றையும் சேர்த்து 'மொரிசியஸ் அதிசயம்' என்று மேடையில் பேசுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் எனக்கு ஆலைதான் தேறுகிறது, அதுவும் குறைகளோடு.

ஏற்றுமதி ஆலைகளுக்கான சட்டம் 1970-ல் வந்தது. யோசனையை முன்வைத்தவர் பேராசிரியர் எட்வார்ட் லிம் ஃபாட். சில ஆண்டுகளுக்கு வரி கிடையாது, இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் சுங்கம் கிடையாது. இதை அந்தக் காலத்தில் பல நாடுகளும் கொடுத்தன. மொரிசியஸின் கெட்டிக்காரத்தனம், வேலி போடாதது. சலுகை ஆலைக்குத்தான், இடத்துக்கு இல்லை. பிளேன் லோசான் தொழிற்பேட்டையிலும் திறக்கலாம், கரும்புக்கு நடுவே ஏதாவது ஊரிலும் திறக்கலாம். அதனால் வீட்டை விட்டு வெகுதூரம் போக அனுமதி கிடைக்காத பெண்கள்கூட காலையில் வேன் ஏறி வேலைக்குப் போனார்கள்.

ஹாங்காங் முதலாளிகள் வந்ததற்கு வரிச்சலுகை மட்டும் காரணமில்லை. அவர்கள் ஊர்த் துணி இவ்வளவுதான் வரலாம் என்று மேற்கு நாடுகள் கோட்டா வைத்திருந்தன. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு ஐரோப்பா 1975-ல் கையெழுத்திட்ட லோமே ஒப்பந்தத்தால் மொரிசியஸ் சரக்குக்கு ஐரோப்பாவில் கதவு திறந்திருந்தது. அதே ஆண்டின் சர்க்கரை உடன்படிக்கை ஏறக்குறைய 5 லட்சம் டன்னுக்கு நல்ல விலை தந்தது. அந்த லாபத்தில் ஒரு பகுதியை உள்ளூர் எஸ்டேட்காரர்கள் ஆலைகளில் போட்டார்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. உள்ளூர்ப் பணமும் கலந்திருந்ததால், வெளிநாட்டான் கடையைக் கட்டியபோது எல்லாம் அவனோடு போய்விடவில்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1984 வரை ஏற்றுமதி ஆலைகளில் பெண்ணுக்கான குறைந்தபட்சக் கூலி ஆணுடையதைவிடக் கம்மி. என் சித்தி ஸ்வெட்டர் ஆலையில் லிங்கிங் வேலை பார்த்தாள். வட்டமான தட்டைச் சுற்றி ஊசிகள் நிற்கும். கழுத்துப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியையும் அதற்குரிய ஊசியில் மாட்ட வேண்டும். ஒன்று தப்பினால் கழுத்தில் ஓட்டை, அந்த உருப்படி திரும்பி வரும். காவடி விரதத்திலும் ஏற்றுமதி அவசரம் என்றால் ஓவர்டைம் உண்டு, முடியாது என்று சொல்ல வழியில்லை. கண் கெட்டது அங்கேதான் என்று இன்றும் சொல்வாள். வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

இனி ஒப்பந்தம். இந்தியாவுடன் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடு 1982-ல் கையெழுத்தானது. மொரிசியஸ் கம்பெனி இந்தியப் பங்கை விற்று லாபம் பார்த்தால் வரி போடும் உரிமை மொரிசியஸுக்கு இருந்தது, மொரிசியஸோ அந்த வரியைப் போடவில்லை. அதனால் வேறு நாட்டு முதலீட்டாளர்கள் இங்கே ஒரு கம்பெனியைப் பதிந்து, அதன் வழியே இந்தியாவுக்குப் பணம் அனுப்பினார்கள். 1992-ல் இப்படி வெளிநாட்டுத் தொழிலுக்காகப் பதியும் கம்பெனிகளுக்கான ஆஃப்ஷோர் சட்டம் வந்ததும், இந்தியாவுக்குள் போகும் அந்நிய முதலீட்டில் பல ஆண்டுகள் நம் தீவுதான் முதலிடம். அந்தப் பணம் இங்கே என்ன செய்தது? போர்ட் லூயிஸிலோ எபேனிலோ ஓர் அலுவலகம், உள்ளூரில் வசிக்கும் இரண்டு இயக்குநர்கள், ஒரு வங்கிக் கணக்கு, இங்கே நடந்ததாகக் காட்டும் கூட்டக் குறிப்பு. கணக்காளருக்கும் வழக்கறிஞருக்கும் நல்ல சம்பளம் கிடைத்தது, மறுக்கவில்லை. படித்த பிள்ளைகள் ஊரிலேயே தங்கினார்கள். ஆனால் பள்ளிப் படிப்பை பாதியில் விட்டவளுக்கு அங்கே நாற்காலி இல்லை.

2016 மே மாதம் இந்தியா உடன்பாட்டைத் திருத்தியது. 2017 ஏப்ரலிலிருந்து வாங்கும் பங்குகளுக்கு இந்தியாவே வரி போடலாம் என்றானது. 2020 பிப்ரவரியில் கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்-இன் சாம்பல் பட்டியலிலும் (கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகளின் பட்டியல்) மொரிசியஸ் விழுந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் வெளியே வந்தது.

ஆலையும் வெளியார் தயவில்தானே ஓடியது என்று கேட்கலாம். உண்மைதான். 2005 ஜனவரியில் உலக ஜவுளிக் கோட்டா முடிந்தபோது இங்கே ஆலைகள் மூடின, முக்கியமாகப் பெண்கள் வேலை இழந்தார்கள். இருந்தாலும் நூற்பு, சாயம், தரச் சோதனை தெரிந்தவர்கள் மிஞ்சினார்கள். ஒப்பந்தம் போனால் மிஞ்சுவது கோப்பு.

வில்லாவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 2002-ல் தொடங்கிய திட்டத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவருக்குக் குடியிருக்கும் உரிமையும் சேர்ந்து கிடைத்தது. கட்டும்வரை கொத்தனாருக்கு வேலை, பிறகு தோட்டக்காரருக்கு. நிலத்தை ஒரு தடவைதான் விற்கலாம். பக்கத்து ஊரில் மனை விலை ஏறுவதுதான் நமக்குக் கிடைக்கும் பங்கு. முதலீட்டுப் புள்ளிவிவரத்தில் மட்டும் இது அழகாகத் தெரியும்.

மடகாஸ்கர் போன்ற நாடு எதை எடுக்கலாம்? அங்கே ஆள்பலம் உண்டு. மொரிசியஸ் ஆலை முதலாளிகளே அதன் தலைநகர் அன்டனனரிவோவில் கிளை திறந்தார்கள். 2009 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் ஆப்பிரிக்கச் சரக்கைச் சுங்கமில்லாமல் விடும் அகோவா சலுகையை அமெரிக்கா 2010-ல் பறித்தது, 2014-ல் திருப்பித் தந்தது. ஆக, ஆலை வழியே சரி. ஆனால் ஒரே சந்தையை நம்பக் கூடாது, உள்ளூர்ப் பணமும் கலக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று முதல் நாளே சட்டத்தில் எழுதிவிட வேண்டும். நாம் அதற்கு 14 வருடம் எடுத்துக்கொண்டோம்.